கோச்சின் ஞாபகசக்தி

அப்பாவுக்கு,

சனிக்கிழமை விருந்தில் கல்லூரி கொடுத்த கேடயத்தை என் காரிலேயே விட்டுவிட்டீர்கள். இதோடு அனுப்பியிருக்கிறேன். பயிற்சிக்கும் ஊர்த்தொண்டுக்கும் என்று போட்டு, கீழே "ஆயிரம் பிள்ளைகளின் தகப்பன்" என்று பொறித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

உங்களிடம் ஓட்டம் பழகியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்க, அவரவருடைய சிறந்த நேரத்தைத் தாளைப் பார்க்காமலே சொன்னீர்கள். தலை வழுக்கையான வெண்டெல், "முப்பது வருஷமாச்சு கோச், ஒரு நொடி தப்பலையே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நானும் எழுந்தேன். "என்னோடது என்னப்பா?"

சபையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். "நீ எப்பம்மா ஓடுன?"

பள்ளிக் கடைசி வருடம், அயோவா மாநில இறுதிப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடினேன். அன்று உங்கள் அணிக்கு நெப்ராஸ்காவில் பந்தயம். ஜெயித்துவிட்டு போனில் கூப்பிட்டேன். "அப்படியா, சரி, பசங்க பஸ்ல ஏறிட்டாங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

முழங்காலுக்கு ஐஸ் வைக்க மறக்காதீர்கள்.

என்னுடையது இரண்டு நிமிடம் பதினான்கு நொடி.

இப்படிக்கு,
அந்த ஆயிரத்தில் சேராதவள்