படகு போன இடம்

பாவா,

இன்று ஆடிக் கிருத்திகை. தெருவெல்லாம் காவடியும் அரோகரா சத்தமும். எனக்கு என்ன தோன்றியதோ, நாம் வரைந்த தாள்களோடு ஆணியில் தொங்கிய உங்கள் பையைத் திறந்துவிட்டேன். குப்பென்று காசிமேட்டு வாசம். அடுக்களையிலிருந்து அத்தை கத்தினார். "கிருத்திகையும் அதுவுமா எங்கருந்துடி வருது கவுச்சி நாத்தம்?"

"உங்க புள்ளயோட பைதான் அத்த" என்றேன்.

கல்யாணமான புதிதில் மற்ற பெண்களெல்லாம் ஊட்டி போனார்கள். என்னை நீங்கள் திருத்தணியிலிருந்து முதல் ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போனது காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற இடத்துக்கு. அதுவே நம் ஞாயிற்றுக்கிழமை வழக்கமானது. சுவர்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே தெரிவதை வரைவோம். மீன்கார அம்மா ஒருத்தி, "எம்மூஞ்ச அப்பறம் வரையலாம், மொதல்ல மீன வாங்குமா" என்று விரட்டுவாள்.

நான் பாதி வரைந்திருக்கும்போதே விசைப்படகு கிளம்பிவிடும். மீதியை மனசிலிருந்து போடப்போனால் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். "அது பூட்ச்சி. கண்ணு முன்னாடி இல்லாதத போடாத. எடத்த அப்டியே வுட்டுடு." அதனால் நம் தாள்களில் அங்கங்கே படகு அளவுக்கு வெள்ளையாக இருக்கும்.

தை மாதம் நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், எழுந்திருக்கவேயில்லை. ஆதார் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். அந்த முழி உங்கள் முழியே இல்லை. தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நண்டு இருக்கிறது, நங்கூரம் இருக்கிறது, வலைமேல் தூங்கும் நாய்கூட இருக்கிறது. நீங்கள் இல்லை. பக்கத்திலேயே இருக்கிற ஆளை யார் வரைவார்கள்? இரண்டு பேருமே தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்கள் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. பயமாக இருக்கிறது பாவா. புருவத்துத் தழும்பு இடதா, வலதா? அத்தையிடம் கேட்க வாய் வரவில்லை. உங்கள் பேச்சை மீறி மனசிலிருந்து போட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு ஆள் வந்தான். அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.

போன ஞாயிறு தனியாகப் போனேன். கடலுக்கு முதுகைக் காட்டி, நீங்கள் உட்காரும் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். சுவரைப் போட்டேன், வலைக்குவியலைப் போட்டேன், ஐஸ் வண்டியைப் போட்டேன். உங்கள் இடத்தை விட்டுவிட்டேன்.

வீட்டில் அத்தை அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வெள்ளையில் விரலை வைத்தார். "இங்கதான் குந்திகினு இருக்கானா?"

"ஆங்" என்றேன்.

அந்தத் தாளும் இந்தப் பையில்தான் இருக்கிறது. பையைத் துவைக்கமாட்டேன், யார் மூக்கைப் பிடித்தாலும் சரி. ஒரே ஒரு தரம் வந்து உட்காருங்கள் பாவா. இந்த முறை தண்ணீர்ப் பக்கம் திரும்பவே மாட்டேன்.