மிளகாப்பொடி மறுபடி உள்ளே வந்தாள்

நங்கையா,

போன வாரம் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பைக்குள் கிடந்த போன் சங்கு ஊதியது. நம் விளையாட்டில் கூட்டாளி யாராவது உள்ளே வந்தால் ஊதுமே, அந்தச் சங்கு. எடுத்துப் பார்த்தால் 'மிளகாப்பொடி வந்துவிட்டார்' என்றிருக்கிறது. உங்கள் பேர். நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. பேய் பிசாசு என்றெல்லாம் நினைக்கவில்லை. எவனோ திருட்டுப்பயல் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாய உலகத்தை எனக்குப் பழக்கியதே நீங்கள்தானே. அண்ணன் பெண்டாட்டி, எனக்கு நங்கையா என்று வந்தீர்கள், கையில் வாளும் தலையில் கொம்புக் கிரீடமுமாக என்னை அரக்கன் கோட்டைக்குக் கூட்டிப் போனீர்கள்! எனக்குக் காட்டெருமை என்று பேர் வைத்து, மீசைக்காரன் உருவம் வாங்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். "பொம்பளைன்னு தெரிஞ்சா அத்தனை பேரும் ஹாய் போட்டே உசுர எடுப்பானுக அம்மிணி. நீங்களாச்சும் நிம்மதியா வெளையாடுங்க" என்றீர்கள். மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் அங்கே மறந்தும் என்னை அம்மிணி என்று எழுதமாட்டீர்கள். "ஏனுங்க காட்டெருமை" என்று எழுதிவிட்டு, அடுத்த நிமிடம் போனில் கூப்பிட்டுச் சிரிப்பீர்கள்.

அண்ணனுக்கு இதெல்லாம் ஆகாது. "தென்னைக்குத் தண்ணி கட்ட ஆளில்லையாமா, இவ கோட்டையப் புடிக்கப் போறாளாமா" என்று ஒருமுறை சொன்னார். அதிலிருந்து அவர் வீட்டில் இருக்கும்போது நீங்கள் போனைத் தொட்டதில்லை.

பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: "நீ யாரு?"

பதில் வர நேரமானது. "மொதல்ல நீ யாருன்னு சொல்லு. அவளை உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவளை என்கிறான்! மிளகாப்பொடி பெண்தான் என்று தெரிந்தவன். போன் ரிப்பேர் கடைக்காரனா? பொள்ளாச்சியில் இருக்கும் உங்கள் தம்பியா? யோசிக்க யோசிக்க எல்லார் முகமும் கள்ள முகமாகத் தெரிந்தது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "ஏனுங்கண்ணா, நங்கையா போன் எங்கீங்க?" என்று கேட்டேன். "அலமாரியில கெடக்குது, அதெதுக்கு உனக்கு இப்ப?" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். போனை அவர் யாருக்கோ விற்றுவிட்டார் என்று முடிவுகட்டினேன். உங்கள் வாளையும் கிரீடத்தையும் எவனோ மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியதும் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கோட்டைக்கு அழைத்தேன். வந்தான். சண்டையா போட்டான்? சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். வாளை எப்படி வீசுவது என்றுகூடத் தெரியவில்லை. நானும் மற்ற மூன்று பேரும்தான் அரக்கனைச் சாய்த்தோம். புதையல் பெட்டி திறந்தது. குழுத்தலைவி நீங்கள் அல்லவா, பங்கு பிரிக்கும் பொத்தான் உங்கள் பேரில்தான் இருக்கிறது. அவனே எடுத்துக்கொள்வான் என்று காத்திருந்தேன்.

"கடைமடைக்காரனுக்கு மொதல்ல குடுக்கோணும்" என்று எழுதினான். "மேல இருக்கறவன் எப்பிடியும் பொழச்சுக்குவான்."

பின்னால் நிற்கும் பலவீனமான ஆளுக்கு முதல் பங்கு என்று நீங்கள் வைத்த முறை அது. உலகத்தில் வேறு எந்தக் குழுவும் அப்படிப் பிரிப்பதில்லை. வாய்க்கால் தண்ணீர் விடும் கூட்டத்தில் வருடா வருடம் மேல்காட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி அண்ணன் சொல்லும் வார்த்தை, எழுத்துப் பிசகாமல். நீங்கள் அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தோப்பைத் தாண்டி அண்ணனைத் தேடி ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் உங்கள் போனோடு உட்கார்ந்திருந்தார். என் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"காட்டெருமை... நீயா அம்மிணி?"

"பின்ன எவன்னு நெனச்சீங்க?"

அவர் உங்கள் போனைத் திருப்பிக் காட்டினார். நீங்கள் எனக்கு எழுதியது: 'ஏனுங்க காட்டெருமை, அவரு சந்தைக்குப் போனதும் வாங்க.'

"சம்சயம் வந்துருச்சு" என்றார். "யாருன்னு கண்டுபுடிக்காம விடறதில்லைன்னுதான் உள்ள போனன்."

"செத்தவ எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லுவாளாண்ணா?" என்று கத்தினேன். இவ்வளவு நாளும் அவர் சாப்பிடாமல் இளைத்ததெல்லாம் உங்களை நினைத்து என்றுதானே நான் அழுதுகொண்டிருந்தேன்!

ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். நாள், நேரம், என் போனில் அதற்கு நான் போட்ட பதில். தலை குனிந்தே பார்த்தார். கடைசியில் கேட்டார்: "என்னையப் பத்தி எப்பவாச்சும் சொல்லுவாளா, இதுல?"

"சொல்லுவாங்க. டிராகன் சாகப் போற நேரத்துல, 'அவரு பைக் சத்தம் கேக்குது, பசியோட வருவாரு'ன்னு எழுதிப் போட்டுட்டு ஓடிருவாங்க. நாங்க அத்தனை பேரும் செத்துப்போவோம்."

அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்காரவில்லை.

நங்கையா, உங்கள் மேல் இருந்த சந்தேகம் அவருக்குத் தீர்ந்துவிட்டது. எனக்குத்தான் புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டது. பைக் சத்தம் கேட்டதும் சண்டையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினீர்களே, அது அவர் பசிக்காகத்தானா? அல்லது நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இப்படிச் சந்தேகப்பட்டு ஏதாவது கேட்டிருந்தாரா? அப்படிக் கேட்டிருந்தால் என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அவரிடம் கேட்டால் இல்லை என்பார். அவர் இல்லை என்றால் நம்ப இப்போது எனக்கு முடியவில்லை.