கண்ணை மூடித் தூக்கிய கைகள்

செட்டியார்பட்டி,
2.10.1996

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவருடைய கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. நீயும் அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். கனடாவில் இப்போதே குளிர ஆரம்பித்துவிட்டதாமே. ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அரிசி விற்கிற கடை தூரமாக இருந்தாலும் போய் வாங்கு. இதெல்லாம் எழுத வேண்டுமே என்று எழுதியது, விஷயம் இனிமேல்தான் இருக்கிறது, உட்கார்ந்து படி.

நீ சொல்லி அனுப்பிய உன் பழைய பொருளாதாரப் பேராசிரியர் சௌந்தரபாண்டியன் போன மாதம் வந்தார். கூடவே டெல்லியில் வெளியுறவு பற்றிப் பாடம் நடத்தும் தங்கபாய் அம்மாவையும் அழைத்து வந்தார். உன் அப்பா வாசகர் வட்டத்தின் செயலாளர் அல்லவா, தலைகால் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம் பிடித்து, அறிஞர்களுடன் ஓர் உரையாடல், ஜனநாயகமும் பொருளாதாரமும் வெளியுறவும் என்று நோட்டீஸ் அடிக்கப் போனார். இதைப் படித்துவிட்டு ஈ காக்கை வராது, கீழே பெரிய எழுத்தில் பருத்தி நூலை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். போட்டார். மண்டபம் கொள்ளவில்லை. நெசவாளர்கள் ஒரு பக்கம், ராஜபாளையத்து மில் ஆட்கள் ஒரு பக்கம், கல்லூரிப் பிள்ளைகள் வாசல் வரைக்கும். முன்வரிசையில் நம் ஷெட்டில் பெண்கள் பேண்டேஜ் சுற்றத் துணி அனுப்புகிற கம்பெனியின் மேனேஜர் குருசாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்தக் கம்பெனிக்கு நூல் மில்லும் உண்டு. எல்லாரும் பட்டிமன்றம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், அதுதான் சங்கதி.

உன் பேராசிரியர் என்ன அழகாகப் பேசினார் தெரியுமா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாட்டின் தங்கத்தையே வெளிநாட்டில் அடகு வைத்தோமே, அந்த நிலைமை திரும்ப வரக் கூடாது என்றால் விற்கக் கூடியதை வெளியே விற்றுத்தான் ஆக வேண்டும் என்றார். நகையை அடகு வைத்த கதை என்றதும் பெண்கள் பக்கம் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. தங்கபாய் அம்மா விடவில்லை, அடுத்த நாட்டோடு ஒப்பந்தம் போடுமுன் அதனால் நூல் விலை ஏறி அடுப்பு அணையப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, அவனைக் கேட்பதுதானே ஜனநாயகம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீயும் இப்படித்தானே அங்கே மேடையில் பேசுவாய் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் கடைசியில் அவர் இவரைப் பார்த்து நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்ல, இவர் அவரைப் பார்த்து அதையே சொல்ல, இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் எழுந்திருக்கவே இல்லை. வேல்சாமி என்று ஒரு நெசவாளி எழுந்து, "தீர்ப்புச் சொல்லாம முடிச்சா எப்படிங்கய்யா? தறிய நிறுத்திட்டுல்லா வந்திருக்கோம்" என்றார். பேராசிரியர் சிரித்துக்கொண்டே இதில் தீர்ப்புக் கிடையாது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும் என்றார். அதெல்லாம் நடக்காது என்று மண்டபமே சத்தம் போட்டது. உன் அப்பா தண்ணீர் கொண்டுவரப் போகிறவர் மாதிரி மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

நன்றியுரை சொல்ல வேண்டியவள் நான். மைக் என் கையில் இருந்தது. என் வாய்தான் சும்மா இருக்காதே, தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள், அனுப்பலாம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. மில் ஆட்கள் எல்லாரும் முன்வரிசையில் இருந்த மேனேஜரின் முதுகைப் பார்த்தார்கள். நெசவாளர்கள் தங்களுக்கு நூல் கொடுக்கிற முதலாளிகளைப் பார்த்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, நம் சபையின் கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் பிரசங்கியார் சொல்வாரே, அதே ராகத்தில், எல்லாரும் தலையைத் தாழ்த்திக் கண்களை மூடிக்கொள்வோம், ஒருவரும் ஒருவரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்தது. ஆனால் பார், அத்தனை பேரும் மூடிவிட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பெரியவர்கள் மூடினார்கள், மேடையில் இரண்டு அறிஞர்களும் மூடினார்கள். நம் சபை ஆள் ஒருவர் பின்னாலிருந்து ஆமென் என்றுகூடச் சொன்னார். அனுப்பலாம் என்கிற கைகளைப் பார்த்தேன், இறக்கச் சொன்னேன், நம் தறிக்குப் போக மிச்சம்தான் என்கிறவர்கள் தூக்குங்கள் என்று மறு பக்கத்துக் கைகளைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூட்டத்தில் கண் திறந்திருந்தவள் நான் ஒருத்திதான். நான் நினைத்தே பார்க்காத கைகள் எல்லாம் மேலே நின்றன, பியூலா. உள்நாட்டுத் தறிக்குக் கொடுத்தது போக மிச்சத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்கிற பக்கமே கூடுதல் என்று மட்டும் மைக்கில் சொன்னேன். கைதட்டலில் கூரை கிழிந்தது. தங்கபாய் அம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டார். வீடு திரும்புகிற பஸ்ஸில் உன் அப்பா மெதுவாக, "ஏட்டி, என் கையப் பாத்தியா?" என்று கேட்டார். எத்தனையோ கை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குருசாமி ஷெட்டுக்கு வந்துவிட்டார். காப்பி கொடுத்தேன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "அக்கா, நம்ம மில் ஆளுக யாரு யாரு அந்தப் பக்கம் தூக்குனாகன்னு மட்டும் சொல்லிருங்க, பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்றார். ஷெட்டுக்குத் துணி அனுப்புகிறவர், அதை நிறுத்திவிட்டால் அத்தனை பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "சொல்ல மாட்டேன் தம்பி. உங்க கைய யாராவது வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அந்த வாரம் முழுவதும் துணி வரவில்லை. நான் சாப்பிடவே இல்லை. உன் அப்பா சொல்லித் தொலைத்துவிடு என்றார், ஆனால் ஷெட்டிலேயே மூத்தவள் ஏசம்மாள், "வேற வேல பாத்துக்கிடுதோம், நீங்க வாயத் தொறக்காதிய" என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் அந்த மில்லில்தான் இருக்கிறான். அடுத்த திங்கட்கிழமை வேன் வழக்கம்போல வந்தது, துணியை இறக்கியது, போனது. ஏன் வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது கேள். பத்து வருஷம் கழித்து இந்த மாதம் பேரூராட்சித் தேர்தல் வருகிறது, நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். நம் தெருவும் பக்கத்துத் தெருவும் சேர்ந்து வந்து என்னை நிற்கச் சொன்னார்கள். மனு கொடுத்துவிட்டேன், சின்னம் கத்தரிக்கோல். என் வாயில் எதுவும் தங்காது என்று நீ சொல்லிச் சிரிப்பாயே, வாயில் தங்கியதற்காகத்தான் ஓட்டுக் கேட்கிறேன், இப்போது சிரி. எதிரில் நிற்பது யார் தெரியுமா, உன் ஜெயபாய் அத்தை. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. பாவம், உன் அப்பா இரண்டு நாளாக வாசகர் வட்டத்திலேயே குடியிருக்கிறார், காலையில் அக்கா வீட்டில் காப்பி, இராத்திரி இங்கே சாப்பாடு. ஜெயிப்பேனா என்று தெரியாது, ஆனால் தெருவில் நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

இது உன் கைக்கு வரும்போது ஓட்டு எண்ணி முடித்திருப்பார்கள். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காத்து, படிப்பை நல்லபடியாக முடித்துத் தரட்டும். உன் பேராசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் போட மறக்காதே. இன்னும் ஒன்று, போன் பேசும்போது அத்தைக்குப் போட்டீர்களா அம்மாவுக்குப் போட்டீர்களா என்று அப்பாவிடம் விளையாட்டுக்குக்கூடக் கேட்டுவிடாதே. நானும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது அவர் கை.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஞானரத்தினம்