சுரண்டப்பட்ட பக்கம்

பிப்ரவரி 27, 1965, சனி

பபேடானில் அய்யூப் பாயின் பழைய சாமான் கடையில் ஒரு இசைத்தட்டு கிடைத்தது. பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன யாரோ விட்டுச்சென்றது. கித்தாரோடு ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். பேர் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு பக்கம் கைதட்டி, கூவி இயேசுவை அழைக்கிறாள். மறுபக்கம், புருஷன் விட்டுப்போய்ச் சாராயத்தில் விழுந்தவளின் பாட்டு. இழுத்து இழுத்து அழுகிறாள். அதே தொண்டை! கைதட்டுப் பாட்டை ஒன்பது முறை போட்டேன். இந்த வீட்டில் யாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மார்ச் 2

தம்பி பாக்கியசாமிக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் உபதேசியார் ஆனதிலிருந்து வீட்டிலும் உபதேசம்தான். "நாளைக்குச் சாம்பல் புதன். என்னாக்கா பாட்டு இது?" என்றான். ஒரு பக்கம் சாமி பாட்டு, ஒரு பக்கம் சாராயப் பாட்டு என்றேன். எது எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. டைப்பிஸ்ட் அக்காவைக் கேட்டால் கௌரவம் போய்விடுமே.

மார்ச் 6

பாவி! ஆணியால் ஒரு பக்கத்தைச் சுரண்டிவிட்டான். "குடிகாரப் பாட்ட அழிச்சிட்டேன். சாமி பாட்டு பத்திரமா இருக்கு."

சாமி பாட்டைத்தான் சுரண்டியிருக்கிறான். தபசு காலப் புலம்பலிலேயே வளர்ந்த காது — அழுதால் சாமி, கைதட்டினால் சாராயக்கடை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லமாட்டேன். கிடடா.

மார்ச் 7

சோறு வைத்தேன். எதிரில் உட்காராமல் எழுந்துபோனேன்.

ஏப்ரல் 11, குருத்து ஞாயிறு

பெரிய வெள்ளியன்று கோயிலில் அந்தத் தட்டைப் போடப்போகிறானாம், மாதாவின் புலம்பல் என்று! போடட்டும். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வேன். மானம் கப்பலேறட்டும்.

ஏப்ரல் 16, பெரிய வெள்ளி

தெருவெல்லாம் பர்மாக்காரர்களின் திஞ்சான் புத்தாண்டுத் தண்ணீர்க் கூத்து. உள்ளே பாட்டு முடிந்தது. எழுந்தும் விட்டேன். பக்கத்தில் மார்த்தா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் கப்பலேறிப் பத்து மாதம், ஒரு கடிதாசு இல்லை. "யாருக்கா இது? என் வயித்தெரிச்சல அப்படியே பாடுறா."

மாதா என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 18, ஈஸ்டர்

அவனிடம் சொல்லிவிட்டேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சுரண்டின அன்னிக்கே."

"தெரிஞ்சுமா கோயில்ல போட விட்ட?"

அந்த நேரத்தில் மார்த்தா வந்தாள். அடுத்த வருஷமும் அந்தப் பாட்டு வேண்டுமாம், பெண்களெல்லாம் கேட்கிறார்களாம். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"போடுவாரு" என்றேன் நான்.

அவள் போனதும் சுரண்டிய பக்கத்தைப் போட்டு அவனை எதிரில் உட்காரவைத்தேன். கரகரவென்ற சத்தம் மட்டும்தான். முடியும்வரை எழுந்திருக்க விடவில்லை.