தை வரைக்கும்

ஆடி, வெள்ளிக்கிழமை. தென்காசி.

இன்று குற்றாலத்தில் பெண்கள் பக்கம் குளிக்கும்போது மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, பாறையில் வழுக்கினாள். அக்குளில் கைகொடுத்துத் தாங்கினேன். மார்பின் ஓரத்தில் கெட்டியாக ஒரு கட்டி விரலில் பட்டது. என் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, தம்பிட்ட சொல்லிராத. மகளுக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். தையில கல்யாணம் முடியட்டும், பாத்துக்கிடலாம்.”

“எப்ப இருந்து இருக்கு மதினி?”

“போன வருசச் சாரலுக்கே இருந்துச்சு. வலியே இல்லட்டி.”

வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயம்; புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. ஆனால் சரி என்று தலையாட்டித் தொலைத்தேன்.

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எந்த வயதிலிருந்து பெண்களை அழைக்கலாம் என்று அரசுக்குச் சொல்லும் கணினி மாதிரியை எழுதுகிறவள் நான். அதற்குள் லட்சக்கணக்கில் கற்பனைப் பெண்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்காகக் காத்திருக்கும் ஒருத்திகூட அதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாதிரிக்குள் அப்படி ஒருத்தியைச் சேர்த்தேன். மதினியின் வயது. தாமதம், தை வரைக்கும். ஒரே ஒரு பெண்ணை வைத்து ஓட்டினால் வருகிற விடைக்கு அர்த்தமே கிடையாது, அது தாயம் உருட்டுகிற மாதிரி என்று கூட வேலை பார்க்கிறவர்களுக்கு நான்தான் சொல்லுவேன். ஆனாலும் அதை ஓட்டும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை.

பக்கத்து அறையில் மதினி போனில் மகளோடு பட்டுப்புடவையின் நிறம் பேசிச் சிரிக்கிறாள். கணினியை மூடவும் பயமாக இருக்கிறது.