பேட்டரி வண்டியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை

செப்டம்பர் 9, 1996

அக்காவைக் கட்டிய பாவாவுக்குப் பம்ப் தொழில் சலித்துவிட்டது. இனி மின்சார ஆட்டோவுக்குப் பேட்டரி செய்து, வண்டியாகவே விற்கப் போகிறாராம். தை மாதம் வார்ப்பு உலையை இடித்துவிட்டு, அதே கொட்டகையில். "ஊரெல்லாம் சுத்தி, ஆரு வாங்குவாங்கன்னு கேட்டு எழுதிப்போடு, நரசிம்மா. நீதான்டா இங்கிலீசு புஸ்தகம் படிக்கறவன்" என்றார். படித்ததற்குத் தண்டனை.

செப்டம்பர் 14

படித்தேன். ஈயப் பேட்டரி: வண்டி முதலில் அதைச் சுமக்கும், மீதி இடத்தில் பயணி ஏறிக்கொள்ளலாம். நிக்கல்: உயர்ந்தது, விலை கேட்காதவர்களுக்கு. லித்தியம்: ஜப்பானில் வீடியோ காமிராவுக்குள் இருக்கிறது, ஆட்டோவுக்குள் எப்போது வருமோ. மின்சாரக் கார் விற்றே தீரவேண்டும் என்று சட்டம் போட்ட கலிஃபோர்னியாக்காரர்களே இந்த வருடம் கெடுவைத் தள்ளிவிட்டார்கள்.



செப்டம்பர் 27

கருமத்தம்பட்டி, அவிநாசி, பல்லடம். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தறி முதலாளி நஞ்சுண்டன் இளநீர் வெட்டிக் கொடுத்து, "நல்ல ரோசனைங்க. தாராளமா வாங்கிப்போடலாமுங்க" என்றார். பாவாவிடம் சொன்னேன். உடனே உலை இடிக்க ஆள் பேசிவிட்டார்.

இப்போதுதான் உறைக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனவர்கள்கூட 'சொல்லியனுப்பறமுங்க' என்று கும்பிட்டுப் போகும் சீமையில் அல்லவா விசாரித்திருக்கிறேன்?

அக்டோபர் 12

மறுபடி போனேன். வண்டியை எந்தத் தேதிக்கு அனுப்பட்டும் என்று மட்டும் கேட்டேன். நஞ்சுண்டன் விட்டத்தைப் பார்த்தார். "ஆடி போகட்டுமுங்க."

ஆடி போய் இரண்டு மாதமாகிறது.

பல்லடத்துக் கோழிப்பண்ணை அப்புசாமி கொஞ்சம் நேர்மையானவர். "வண்டி வந்துரும். சார்ஜு போடக் கரண்டு வரோணுமல்லங்க?" என்று சிரித்தார். மற்றவர்களுக்கு மழை வரவேண்டும், மகன் வரவேண்டும்.

நவம்பர் 3

பாவாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 18

அக்கா வந்தாள். தை வரை பொறுக்க முடியாதாம் பாவாவுக்கு. வெள்ளிக்கிழமையே உலைக்குப் பூசை போட்டு இடிக்கிறார்களாம். "விக்குமா, விக்காதா? எனக்கு மட்டும் சொல்லு."

"பாக்கலாம் அக்கா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப விக்காது" என்றாள். அழவில்லை. "அதை அவருகிட்டச் சொல்லு. நான் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்பாரு."

பம்ப் போனால் அவர்களுக்கு வேறென்ன இருக்கிறது? நஞ்சுண்டனைக் கிண்டல் செய்தேனே, நான் மட்டும் என்ன — எப்படி ஆரம்பிக்கிறது, என்னத்தச் சொல்றது —

நவம்பர் 22

சொல்லிவிட்டேன். ஆட்கள் கடப்பாரையுடன் நிற்கும்போதே. தனியே கூப்பிட்டிருந்தால் மழுப்பியிருப்பேன்.

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, பாவா. இடிக்க வேண்டாம்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

தீபாவளிக்கு முன்பே என்றேன். ஆட்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பச் சொன்னார்.

ஜனவரி 26, 1997

உலை எரிகிறது. பொங்கல் கழிந்ததும் கொடுமுடிப் பக்கம் ஒரு லாரி பம்ப் போயிற்று என்று அக்கா போனில் சொன்னாள்.

இன்று சூலூர்க் கல்யாணத்தில் பாவா. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். வெளியூர் வியாபாரிக்குப் போடுவதுபோல் நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. சாப்பிட்டாச்சுங்க என்றேன்.