நான் சொல்லாத சரி

போர்ட் கிள்ளான்
6 அக்டோபர் 2025, திங்கள்

அடி கார்த்தி,

நீ நல்லா இருப்பே. நான் இல்லை. ஆபீஸ் பையில கடுதாசி வருதேன்னு சிரிக்காதே. போன வாரம் உனக்கு அனுப்ப வேண்டிய புலம்பலை டிரைவர்கள் குரூப்புல போட்டுத் தொலைச்சேன். அதிலேருந்து போனைத் தொடவே பயமா இருக்கு. பழனியப்பன் அண்ணே தினமும் பிரிக்ஃபீல்ட்ஸ் ஹெட் ஆபீசுக்கு டெலிவரி பேப்பர் கொண்டு வர்றார் இல்ல, அவர் பத்திரமா கொடுத்துடுவார்.

என்னை லோரி டிப்போ மேனேஜர்னு பேர் போட்டாச்சு. புதன்கிழமை மீட்டிங்கை முதல் தடவையா நான்தான் நடத்தணும். முகுந்தன் பாஸும் வர்றாராம். போன மீட்டிங்ல என்ன பண்ணேன் தெரியுமா? கிளார்க்கா இருந்த பழக்கத்துல எழுந்து ஃபிளாஸ்க்லேருந்து எல்லாருக்கும் பால் இல்லாத தே ஓ ஊத்தினேன். திரும்பி வந்தா என் நாற்காலியில சூப்பர்வைசர் சுகுமாறன் அண்ணே. நான் போய்க் கதவோரமா உட்கார்ந்துட்டேன்.

தீபாவளி சரக்குக்காக டிரைவர்களை டபுள் ஷிஃப்ட் ஓட்டச் சொல்லப் போறாங்களாம். முடியாதுன்னு நான் சொல்லியாகணும். நம்ம டிரைவர் பிரவின் தூக்கக் கலக்கத்துல லோரியை டிவைடர்ல ஏத்தினது உனக்குத் தெரியும். ஆள் பிழைச்சதே பெரிசு. ஆனா வாயைத் திறந்தா எனக்கு முதல்ல 'சாரி'தான் வருது. ஹெட் ஆபீஸ் சார்பா வர்ற நீ என் பக்கத்துல உட்காருவே இல்ல?

உன் தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்
7 அக்டோபர், செவ்வாய்

என் தாமரைக்கு,

ஏன்டி இப்படி நடுங்குறே? கிள்ளான் ஸ்கூல்ல டீச்சர் உன்னைக் கேள்வி கேட்டா நான்தானே எழுந்து பதில் சொல்வேன். இப்போ மட்டும் விட்டுடுவேனா?

நாளைக்கு ஃபிளாஸ்க் பக்கமே போகாதே. தாகம்னா அவங்கவங்களே ஊத்திக்கட்டும். மேசைக்கு நடுவுல உட்காரு. சுகுமாறன் அண்ணேயை அண்ணேன்னே கூப்பிடு, மரியாதை குறைய வேண்டாம். ஆனா நாற்காலியைக் கொடுத்துடாதே. பேசுறதுக்கு முன்னாடி நல்லா மூச்சு விடு, யாரும் ரயில் பிடிக்க ஓடப் போறதில்லை.

நாக்கு ஒட்டிக்கிட்டா என்னைப் பாரு. மத்ததை நான் பார்த்துக்கிறேன். வெறும் வயித்தோட வராதே லா.

கார்த்திகா


போர்ட் கிள்ளான்
9 அக்டோபர், வியாழன்

கார்த்தி,

நேத்து மீட்டிங் முடிஞ்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டே. பயத்தை விட்டுட்டுப் போன் பண்ணேன், நீ எடுக்கலை.

டபுள் ஷிஃப்ட் முடியுமான்னு பாஸ் கேட்டப்போ நீ சொன்னபடியே உன்னைப் பார்த்தேன். நீ சட்டுனு, "தாமரை சமாளிச்சுக்குவா பாஸ், சரின்னு வச்சுக்குங்க"ன்னுட்டே. நான் சொல்லாத சரியை எல்லாரும் எழுதிக்க ஆரம்பிச்சாங்க. எனக்குக் கட்டுப் போட்ட பிரவின் முகம்தான் கண்ணுல நின்னுது.

"கார்த்திகா, நீ இரு. இது என் டிப்போ, நான் சொல்றேன்."

அது என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம். டபுள் ஷிஃப்ட் கிடையாது, வேணும்னா வாடகை லோரி எடுப்போம்னு சொல்லி முடிச்சேன். பாஸ் சரின்னு தலையாட்டினார். 'சாரி' வரவே இல்லை.

இப்போ வருது. அத்தனை பேர் முன்னாடி உன்னை அடக்கினது வலிக்குது, ஆனா சொன்னது தப்புன்னு தோணலை. மீட்டிங்குக்குக்கூட இவ்வளவு பயப்படலை. என்னை விட்டுடுவியா?

தாமரை


பிரிக்ஃபீல்ட்ஸ்
13 அக்டோபர், திங்கள்

தாமரை,

இத்தனை நாள் எழுதாததுக்குக் காரணம் கோபம்தான். போர்ட் கிள்ளான்லேருந்து வீடு வர்ற வரைக்கும் ரயில்ல அழுதேன். ஆன்டி ஒருத்தங்க டிஷ்யூ கொடுத்தாங்க, அவ்வளவு அசிங்கமா.

முதல் மீட்டிங்லயே முடியாதுன்னா உன்னை வேலையிலேருந்து தூக்கிடுவாங்களோன்னு பயந்துதான் சரின்னேன். உன்னைக் காப்பாத்துற அவசரத்துல பிரவினை மறந்துட்டேன். நீ மறக்கலை. அதனாலதான் உன்னை அந்த நாற்காலியில வச்சிருக்காங்க போல.

ஆனா ஒண்ணு சொல்றேன். சின்ன வயசிலேருந்து உனக்காகப் பேசிப் பேசியே பழகிட்டேன். இனிமே எனக்கு அங்கே என்ன வேலைன்னு நினைச்சா கஷ்டமா இருக்கு. அதை மறைக்கத் தெரியலை.

நாளன்னிக்கு மீட்டிங்குக்கு வர்றேன். உன் பக்கத்துல இல்லை, எதிர்ல உட்காருவேன். வாடகை லோரிக் கணக்கை நோண்டி நோண்டிக் கேட்பேன், நீயே பதில் சொல்லு.

இந்தத் தடவை தே ஓ நான் ஊத்துறேன், உனக்கும் சேர்த்து. எழுந்து வராதே. உட்கார்ந்த இடத்துலயே வாங்கிக்கோ.

கார்த்தி